ஐயா படத்துக்கு முன்னால்

திண்டுக்கல்
6-7-1958

அன்புள்ள சுருளி,

நீயும் பழனியம்மாளும் திருச்சியில் வீடு பிடித்துவிட்டதாக அறிந்து கொஞ்சம் ஆறுதல். உன்னை வேலையை விட்டு நீக்கிய கையோடு ஐயாவின் மகன் செக்ரட்டரி சடையாண்டி எங்கள் எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

கெமிஸ்ட்ரி லேப் இன்னும் ஐயாவின் அந்தப் பழைய புகையிலைக் கிட்டங்கியில்தான் நடக்கிறது. பையன்கள் இருமிக்கொண்டே வெளியே வருகிறார்கள். ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னதற்கா இவ்வளவு! அதற்கும் பூப்போட்டார்கள், பல்கலைக்கழகத்துக்கு எழுதினாய் என்று உன் வேலைக்கும் பூப்போட்டார்கள். வாழையிலைப் பொட்டலம் இரண்டு, ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. ஐயாவின் சம்சாரம் மாயக்காள் அம்மாள் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டியது. வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது. எம்.ஏ. படித்த நாங்கள் ஐயா படத்துக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியது. சாமியிடம் கல்யாணத்துக்குப் பூக் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. கல்லூரி டைம்டேபிளைக் கேட்டால்? கல்லூரியைக் கட்டிய கண்ணுசாமி ஐயா உயிரோடு இருந்தபோதுகூட இத்தனை விஷயத்தில் தலையிட்டதில்லை.

நம் முதல்வர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு வந்தால் இந்தப் பூவை நிறுத்துவேன், உன்னைத் திரும்பக் கூட்டி வருவேன். இது சத்தியம்.

உன்
பேச்சிமுத்து


திருச்சி
15-7-1958

ஏலே பேச்சி,

உன் கடிதத்தைப் பழனியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த அண்ணன் வாக்குக் குடுத்தா மாற மாட்டாக" என்றாள். திரும்பி வரப் போகிறவர்கள்தானே என்று பாத்திர மூட்டையில் பாதியை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறாள். டுடோரியலில் ஏதோ சொல்லிக் கொடுக்கிறேன். லேப் இல்லாமல் கை நமநமவென்கிறது. உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்வேன். சாயங்காலங்களில் ஐயா படம் மாட்டிய அந்தக் கமிட்டி அறையில் தனியாக உட்காராதே. ஒன்றை வெறுக்க ஆரம்பித்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பாய். ஹாஸ்டல் நாளிலேயே உன் குணம் அதுதான்.

உன்
சுருளிவேல்


திண்டுக்கல்
2-7-1959

அன்புள்ள சுருளி,

ஒரு மாதமாக நான்தான் முதல்வர். எப்படி என்று கேட்காதே. வெள்ளை வந்தது.

முதல்வர் அறை கமிட்டி அறைக்கு அடுத்தது. அங்கே புகையிலை வாசம் அடிக்கிறது, கதவைத் திறந்து போட்டாலும் போகமாட்டேன் என்கிறது. பொழுது சாய்ந்தால் வராந்தாவில் கைத்தடி ஊன்றும் சத்தம். வாட்ச்மேன் மூக்கையாவைக் கேட்டேன். "ஐயா ரவுண்டு வாராரு சார். நீங்க புதுசுல்ல, போகப் போகப் பழகிரும்" என்றான். சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று கமிட்டியில் உன் பேச்சை எடுத்தேன். சடையாண்டி எதிர்க்கவே இல்லை. "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம் சார். பொட்டலம் கட்டுறது பிரின்ஸ்பால் வேலை, நீங்களே கட்டுங்க" என்றார். ஓரமாகப் போய்த் திரும்பி நின்று கட்டினேன். யாரும் பார்க்கவில்லை. இரண்டிலும் வெள்ளையை வைத்துவிடலாம் என்று கை போனது. அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், சுருளி. மூச்சு என் கழுத்தில் பட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஒழுங்காகவே கட்டினேன். அம்மாள் எடுத்தார்கள். சிவப்பு.

உன்மேல் எனக்குள்ள பிரியத்தில் குறைவில்லை. ஐயாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாள் பொறு.

பேச்சிமுத்து


திருச்சி
12-7-1959

பேச்சி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். செத்துப்போனவரிடம் அவ்வளவு யோக்கியமாக நடந்துகொண்டாயே, என்னிடம் நடந்துகொள்ள வேண்டாமா? பூவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாய் உனக்கு இருந்தது. பழனியம்மாள் மூட்டையைப் பிரித்து அடுக்கிவிட்டாள்.

கோபம் அடங்கியபின் பயம் வந்துவிட்டது. உனக்கு உடம்பு சரியில்லை. அந்த இடம் உன்னைத் தின்கிறது. இங்கே ஒரு கல்லூரியில் சரித்திரத்துக்கு ஆள் தேடுகிறார்கள். முதல்வரைப் பார்த்துப் பேசிவிட்டேன். நல்ல மனிதர், கேட்டதற்கு உடனே பதில் சொல்கிறார். மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பார். ராஜினாமாகூட எழுத வேண்டாம், உடுத்த துணியோடு ரயிலேறி வா. எங்கள் வீட்டில் இரு. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். ஒரு தந்தி கொடு, போதும்.

நீ வராவிட்டால் இனி நான் எழுத மாட்டேன். என்னால் தாங்க முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடு.

சுருளி


திண்டுக்கல்
3-8-1959

அன்புள்ள சுருளி,

உன் கடிதம் கிடைத்தது. கவர் கனமாக இருக்கிறது, நிறைய எழுதியிருப்பாய். இன்னும் பிரிக்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிரிக்கலாமா என்று ஐயாவைக் கேட்டேன், சிவப்பு வந்தது. மனசு கேட்காமல் மறுநாளும் கேட்டேன். அதேதான்.

உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விலாசத்தில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையெல்லாம் மறக்காமல் போட்டிருக்கிறாய். புதிதாக வந்த கெமிஸ்ட்ரி லெக்சரரும் லேப்புக்கு ஜன்னல் வேண்டும் என்கிறார். பொறுமையாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். பழனியம்மாளுக்கு என் அன்பைச் சொல்.

இனிமேல் எழுதும்போது கார்டில் எழுது, சுருளி. கார்டு என்றால் பிரிக்க வேண்டியதில்லை. யாரையும் கேட்காமல் நான் படித்துவிடுவேன்.

உன்
பேச்சிமுத்து