அனுப்பிவிட்டதாக நான் சொன்ன கல்வெட்டு

2025 மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பரமலிங்கம் அண்ணை காலையில் வந்தார். கையில் காலமான மனைவி இரத்தினம்மா அக்காவின் படம். 23ஆம் திகதி முப்பத்தோராம் நாள். அன்று சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் கொடுக்கக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். பாட்டும் வாழ்க்கைக் குறிப்பும் என் பொறுப்பு. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவன், இப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் இறந்தவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுகிறேன். நாற்பத்தாறு கல்வெட்டு எழுதிவிட்டேன். இதுவரை ஒரு கெட்டவர்கூட இறந்ததில்லை.

போகும்போது அண்ணை படலையடியில் நின்றார். "தம்பி, அவள் எனக்கு ஒருநாளும் பயப்பிடேல்லை. அதையும் எங்கையாவது போடும்."

கல்வெட்டில் அப்படி எழுதும் வழக்கமில்லை. போடுகிறேன் என்றேன்.

மார்ச் 12

ரொறன்ரோவிலிருந்து மகள் வினோஜா வாங்கித் தந்த பாதுகாப்பு மென்பொருளைக் கணினியில் ஏற்றினேன். ஏற்றியதும் வரிசையாகக் கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

மார்ச் 14

காலை பத்து மணிக்குக் கல்வெட்டை எமில்ராஜின் அச்சகத்துக்கு மின்னஞ்சல் செய்தேன். அண்ணை சொன்ன வரியும் உள்ளே இருக்கிறது. நாற்பத்தாறிலும் இல்லாத நல்ல வரி. என்னுடையதல்ல.

மார்ச் 16

எமில்ராஜ் தொலைபேசியில்: "அண்ணை, ஒண்டும் வரேல்லை. வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோவன்." ஒரு மனுசியின் அறுபத்தொன்பது வருடத்தைக் காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூக்களுக்கு நடுவில் அனுப்பமாட்டேன் என்றேன். சிரித்தார். திரும்ப அனுப்பினேன். பின்னேரம் இன்னும் இரண்டு முறை.

மார்ச் 17

ஐந்தாவது முறை. இத்தனை தரம் அனுப்பியும் கிடைக்காவிட்டால் அதற்குப் பெயர் கவலையீனம்.

மார்ச் 18

பரமலிங்கம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். அச்சகத்தில் நாலு பேர் தங்கள் வேலைக்காக நின்றார்கள். எமில்ராஜ் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்கோ அண்ணை, உங்கடை பேரிலை ஒண்டுமில்லை. கையால எழுதினது கிடந்தால் தாங்கோ, நாளைக்கே அடிச்சுத் தாறன்."

நான் திரையைப் பார்க்கவில்லை. "எமில், நீர் செத்தவைக்கு வேலை செய்யிறீர் எண்டதுக்காக அவையின்ரை வேகத்திலை செய்யத் தேவையில்லை" என்றேன்.

நாலு பேரும் சிரித்தார்கள். நல்ல வசனம். எமில்ராஜ் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணை மேசையில் வைத்த படத்தைத் திரும்ப எடுத்து உறைக்குள் போட்டார்.

வீட்டில் மனைவி உதயகலா: "எழுதினதைக் குடுத்திருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பியள்?" கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்றேன். "ஓம், அதையும் மெயிலில அனுப்பி விடுங்கோ."

மார்ச் 20

வேறு இரண்டு அச்சகங்களில் கேட்டோம். ஞாயிறுக்கு முன் முடியாதாம்.

மார்ச் 23

கல்வெட்டு இல்லாத முப்பத்தோராம் நாள். சாப்பிட்டு எழும்பியவர்கள் வாசலில் ஒரு கணம் நின்று, வெறுங்கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணை ஒவ்வொருவருக்கும் சொன்னார்: "பிறஸ்காரன் ஏமாத்திப் போட்டான்." சாவகச்சேரியிலிருந்து வந்த ஒருவர் தன் தகப்பனின் கல்வெட்டையும் எமில்ராஜிடம்தான் கொடுத்திருக்கிறாராம். நாளைக்கே திருப்பி வாங்கப் போகிறாராம். நல்ல யோசனை என்றேன்.

மார்ச் 25

உதயகலா மகளுக்கு ஏதோ எழுதக் கணினியில் உட்கார்ந்தாள். "இஞ்சேருங்கோ, இதென்ன, ஒரே சாமான் அஞ்சு நிக்குது?"

அவுட்பொக்ஸ். ஐந்து கல்வெட்டு. ஒன்றும் வெளியே போகவில்லை. உள்ளே வருவது மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் நான் ஒன்றையும் சந்தேகிக்கவில்லை.

பாதுகாப்பு மென்பொருள் பதிந்து வைத்திருக்கிறது. 12ஆம் திகதி, 9.40. இந்த நிரல் வெளியே அஞ்சல் அனுப்ப அனுமதி கேட்கிறது. இதை உங்களுக்குத் தெரியுமா? பதில்: தெரியாது. தடுக்கப்பட்டது.

இருபத்தைந்து வயதிலிருந்து சோதனைச் சாவடி சாவடியாக அதே கேள்விதான். இவரைத் தெரியுமா? தெரியாது. அதைச் சொல்லித்தான் வீடு வந்து சேர்ந்தோம். கூடப் படித்தவனையே ஒருமுறை தெரியாது என்றிருக்கிறேன். அவனும் தப்பினான், நானும் தப்பினேன். கை பழகிவிட்டது—

சரி. என்னை நானே கேட்கிறேன்: விளக்கம் நல்லாய்த்தான் இருக்கு. எமிலைப் பாத்து அப்பிடிக் கதைச்சது எந்தச் சென்றிச் சாவடியிலை பழகினது?

நான் மறிக்க முன் உதயகலா அனுமதியை அழுத்திவிட்டாள். ஐந்தும் ஒன்றாகப் போயின. இப்போது எமில்ராஜுக்குத் தெரியும்.

மார்ச் 26

அவர் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

மார்ச் 27

மதிலுக்கு அப்பால் அண்ணை யாருக்கோ பிறஸ்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். குளிக்கவில்லை.

மார்ச் 28

அண்ணையிடம் சொன்னேன். "அப்ப, அவளின்ரை முப்பத்தொண்டிலை வந்த சனத்துக்கு நான் பொய்யே சொன்னனான்?"

என்னுடைய பொய் அண்ணை, என்றேன்.

"சட்டையைப் போட்டுக்கொண்டு வாரும். நான் படத்தை எடுக்கிறன்."

அச்சகத்தில் இரண்டு பேர்தான் நின்றார்கள். அன்று சிரித்தவர்கள் நாலு. சுவரோர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். நாலாவது ஆள் கலியாணக் காட் எடுக்க வந்ததும் எழும்பிச் சொன்னேன்: அஞ்சல் போகவில்லை, மறித்தது நான், இவரில் ஒரு பிழையும் இல்லை. வசனம் ஒன்றும் சரியாக அமையவில்லை. அவர்கள் வேறு நாலு பேர். என்ன கதை என்றே விளங்கவில்லை. ஒருவர் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

எமில்ராஜ் மேசை லாச்சியைத் திறந்து ஓர் அச்சுப்படியை எடுத்தார். 25ஆம் திகதி கிடைத்ததுமே, யாரும் கேளாமல், எழுத்துக் கோத்து வைத்திருக்கிறார். ஓரிடத்தில் பென்சில் வட்டம். அதை அண்ணையிடம் காட்டினார். "கணவருக்கு ஒருநாளும் பயப்பிடாதவர் எண்டு கிடக்கு. இருக்கட்டோ, எடுக்கட்டோ?"

"இருக்கட்டும்," என்று அண்ணை படத்தை மேசையில் வைத்தார்.

ஏப்ரல் 4

கல்வெட்டு வந்துவிட்டது. அண்ணை சைக்கிளில் வீடு வீடாகக் கொடுக்கிறார். பிழை யாருடையது என்றும் சொல்கிறார். நான்தான் சொல்லச் சொன்னேன். இவ்வளவு விரிவாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை. சாவகச்சேரிக்காரர் தகப்பனின் வேலையை வேறிடத்தில் கொடுத்து முடித்துவிட்டாராம்.

மே 2

அளவெட்டியில் ஒரு மரணம். கல்வெட்டைக் கையால் எழுதி நானே கொண்டுபோனேன். எமில்ராஜ் கதிரை காட்டினார், தேத்தண்ணி எடுப்பித்தார். பிறகு ஒரு புதுக் கொப்பியை நீட்டினார். திகதி, நேரம், தந்தவர் பெயர் என்று கோடு அடித்திருந்தது. முதல் பக்கம், முதல் வரி.

"இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, சேர்."

பதினொரு வருடமாக அண்ணை என்று கூப்பிட்டவர்.

வைத்தேன். நேரம் 10.20.