சிவப்பு கார்டு

12.11.2007, திங்கள்

இன்று ரேஷனில் இலவச அரிசி போட்டார்கள். சிவப்பு கார்டுக்கு மட்டும். ஏழைகளுக்கான கார்டு அது. என் வீட்டுக்காரர் இருந்தபோது யாரையோ பிடித்து வாங்கினார். சொந்த வீடு, பென்ஷன், பிரான்சில் மகன், எல்லாம் இருந்தும் வாங்கினார். நானும் அதைத் துணிப்பைக்குள் மறைத்தே கொண்டுபோகிறேன்.

கடையில் எனக்கு முன்னால் மல்லிகா நின்றிருந்தாள். என் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். கடைக்காரர் அவள் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"மஞ்ச கார்டுக்குக் கிடையாதும்மா. நீ வசதியானவங்க லிஸ்ட்ல இருக்க."

"கார்ட மாத்தச் சொல்லி நாலு தடவ எழுதிக் குடுத்துட்டேன் சார்" என்றாள். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். கடைக்காரர் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் கார்டை வெளியே எடுத்தேன்.

மல்லிகா என் அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவரை முன்னால் நடந்தாள்.

"பாதிய நீ எடுத்துக்கோ" என்றேன்.

"எனக்கு எதுக்கும்மா? நான்தான் வசதியானவளாச்சே" என்று சிரித்தாள்.

தினமும் வேலை முடிந்ததும் காபி குடித்துக்கொண்டே வெகுநேரம் பேசுவாள். நாள் முழுக்க என்னிடம் பேசுகிற ஒரே ஆள். இன்று காபி வேண்டாமென்று போய்விட்டாள். நாளைக்கு வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை.

உள்ளறையில் போன மாத அரிசி அப்படியே இருக்கிறது. வண்டு வைத்துவிட்டது. நாளைக்கு மல்லிகாவைப் புடைக்கச் சொல்லலாமென்று காலையில்தான் முறத்தை எடுத்து வெளியே வைத்தேன்.