படத்தின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே அப்பாவும் நானும் சுகம், அவருடைய முழங்காலும் என் இடது தோளும் மட்டும் முறை போட்டுக்கொண்டு வலிக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், தினமும் காலையில் மூன்று பேரையும் பேர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். குட்டிக்குச் சளி விட்டதா என்று உள்ளபடி எழுது. போனில் கேட்டால் பரவாயில்லை என்கிறாய், உன் பரவாயில்லையைப் பற்றி எனக்குத் தெரியாதா. அப்பாவின் கண்காட்சி எப்படி நடந்தது என்று நீ மூன்று தடவை கேட்டும் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால்தான். இன்று வர்ணம் வாங்கப் போயிருக்கிறார், போனால் கடைக்காரரோடு பேசிவிட்டு வர மத்தியானம் ஆகும், அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கே தெரியாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் அப்பா ஒரு மாடு வரைந்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும், வாயில் வந்ததைச் சொன்னேன், மாடு நல்லா இருக்கு, கால் மட்டும் மேஜைக் கால் மாதிரி இருக்கு என்று. சிரிப்பார் என்று நினைத்தேன். மாட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவர் நாலு மாதம் பிரஷ்ஷையே தொடவில்லை. அந்த நாலு மாதம் வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. அதற்குப் பிறகு அவர் எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லுவேன், மனதில் பட்டதை ஆண்டவனிடம் சொல்லிவிடுவேன். எங்கே சொல்வேன் என்றால் படத்தின் பின்பக்கத்தில். நம் வீட்டில் படத்தின் முன்பக்கம் அவர் பொறுப்பு, பின்பக்கம் என் பொறுப்பு என்பது நீ பார்த்து வளர்ந்ததுதானே. அவர் முடித்துக் கொடுத்ததும் நோட்டில் நம்பர், அளவு, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி எல்லாம் பதிந்துவிட்டு, தூசி போகாமல் பின்னால் பிரவுன் பேப்பர் ஒட்டுவேன். ஒட்டுவதற்கு முன்னால் துணியின் பின்புறம் பென்சிலால் நம்பரைப் போட்டு, அதற்குக் கீழே இரண்டு வரி ஆண்டவனுக்கு எழுதிவிடுவேன். பேனா என்றால் மை முன்பக்கம் ஊறிவிடும். மேலே பேப்பர் ஒட்டியாகிவிட்டது, அவனைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள் என்று முப்பத்து நாலு வருஷம் நிம்மதியாக இருந்தேன். இதுவரை இருநூற்று முப்பத்தொரு படம்.

கண்காட்சிக்கு இருபத்திரண்டு படம் எடுத்து வைத்தோம். பதினோரு வருஷம் கழித்து அவருக்கென்று தனியாக ஒரு கண்காட்சி, உனக்கே தெரியும், அவர் வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் இருக்கும்போது கண்காட்சிக் கூடத்தின் மேலாளர் அம்மா, எங்கள் கம்பிக்கு இந்தக் கொக்கிதான் சரிப்படும் என்று ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பிவிட்டார். அதைப் பின்பக்கக் கட்டையில் திருக வேண்டும், பேப்பரைக் கிழிக்காமல் முடியாது. நான் குளித்துவிட்டுப் பிரார்த்தனையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து நம் படச் சட்டக்காரர் வந்துவிட்டார், படத்துக்குச் சட்டம் அடிக்கும்போதுகூட வாய் ஓயாத மனுஷன். அவர் பின்பக்கத்துக் கார் ஷெட்டில், அதாவது அப்பாவின் ஸ்டுடியோவில், ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே வந்திருக்கிறார். சார், அம்மா பின்னாடி என்னமோ கடுதாசி எழுதி வச்சிருக்காங்க என்று சொல்லி உரக்கப் படிக்கவும் தொடங்கிவிட்டார். நம்பர் எண்பத்தெட்டு, எனக்குப் பிடிக்கவில்லை, மஞ்சளை அள்ளிக் கொட்டியிருக்கிறார், பாவம் மூன்று மாதம் உழைத்தவர், நல்லவர்கள் யாராவது வாங்கிப் போகட்டும் ஆண்டவா. படித்துவிட்டு, யாரும் வாங்கலையே சார், இங்கயேதான இருக்கு என்று வேறு சொல்லியிருக்கிறார். குரல் கேட்டு நான் ஓடிப் போய் நின்றபோது அப்பா பெரிய படத்தைக் காட்டி, இதுல என்ன இருக்கு படிங்க என்கிறார்.

பெரிய படம் என்றால் இந்த வருஷம் முழுக்க வரைந்தது, ஆள் உயரத்துக்கு மேல், பஸ் டிப்போவில் விடியற்காலையில் பஸ்களைக் கழுவுகிற காட்சி. கூடத்தில் நுழைந்ததும் எதிரே அதைத்தான் மாட்டுவதாக ஏற்பாடு. சட்டக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அப்பா முகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாகப் படித்தார். நம்பர் இருநூற்று முப்பத்தொன்று, தண்ணீர் உண்மையாகவே நனைக்கிறது, ஆனால் வலது ஓரத்தில் ஹோஸ் பிடித்து நிற்கிற ஆளுக்கு உயிரே இல்லை, துணி காயப்போட்ட மாதிரி நிற்கிறான், அவர் கண்ணிலேயே இது படட்டும், என் வாயால் வேண்டாம்.  அப்பா சட்டக்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றும் மறுநாளும் ஸ்டுடியோவிலிருந்து டர்பன்டைன் வாடையே வரவில்லை. அந்த வாடை இல்லையென்றால் அவர் கையில் பிரஷ் இல்லை என்று அர்த்தம். சாப்பிட வந்தார், போட்டதைச் சாப்பிட்டார், எழுந்து போனார். போன தடவை நாலு மாதம், இப்போது இருப்பது ஏழே நாள், வயதும் ஆகிவிட்டது, இனிமேல் ஒரேயடியாக விட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஜபத்தில்கூட மனது நிற்கவில்லை. உன்னிடம் சொல்லலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை காப்பியை எடுத்துக்கொண்டு போனால், இருபத்திரண்டு படங்களையும் முதுகைக் காட்டி வரிசையாகச் சாய்த்து வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார். உக்காரு என்றார். உட்கார்ந்தேன். நூற்று நாற்பதை எடுத்து முன்னால் வைத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், பல் டாக்டர் வீட்டு பெஞ்சில் ஆறு பேர் காத்திருப்பார்களே, அந்தப் படம். அதன் பின்னால் நான் எழுதியிருந்தது இதுதான், பாப்பா என்பது நீதான். மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறவளின் கையைப் பார்த்ததும் பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்து அங்கே நிற்க முடியவில்லை, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு வந்து அழுதேன், இவருக்கு இப்படி ஒரு கையைக் கொடுத்ததற்கு உனக்கு நன்றி.

அப்பா கேட்டார், மத்ததுல குறை எழுதியிருக்கியே, அதுக்கு எனக்கு வருத்தமே இல்ல, பாதி எனக்கே தெரிஞ்சதுதான், ஆனா இதைக் காட்டினப்ப நீ என்ன சொன்ன. நல்லா இருக்கு என்றேன். ஆமா, அந்த மஞ்சளுக்குச் சொன்ன அதே நல்லா இருக்கு. உனக்கே ஒண்ணும் தோணலைன்னா வேற யாருக்குத் தோணப்போகுது, ஆளுங்கள வரையறது நமக்கு வராதுன்னு அதோட விட்டுட்டேன், அப்புறம் பதினாறு வருஷமா பஸ்ஸும் சுவருமா வரைஞ்சுக்கிட்டு இருக்கேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லையம்மா, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வதுபோல் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் செய்த காரியம் இது. ஆனாலும், மாட்டுக்கு நாலு மாசம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தது யாரு, அப்புறம் நான் எப்படி வாயைத் திறக்கிறது என்று கேட்டேன். அது உன்மேல கோவமில்ல, கால் நிஜமாவே மேஜைக் கால் மாதிரிதான் இருந்துச்சு, அதை எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியல என்றார். இதைச் சொல்ல மனுஷனுக்கு முப்பத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

பிறகு நடந்ததை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸை என் கையில் கொடுத்து, நில்லு என்றார். நாலு நாள், காலையில் இரண்டு மணி நேரம், கார் ஷெட் வாசலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ் கழுவுகிற ஆளாக நின்றேன். அசையாத, மூச்சு விடு, தோளை இறக்கு, வேலை பார்க்கிறவ மாதிரி நில்லு, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்காத என்று ஒரே அதட்டல். நானும் சும்மா இருக்கவில்லை, இந்த மணிக்கட்டு தடி, அந்தச் சட்டை நனைஞ்ச மாதிரி தெரியல என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சட்டையைக் கேட்டுக்கொண்டார், மணிக்கட்டைக் கேட்கவில்லை, அது அப்படித்தான் இருக்கும், உனக்குத் தெரியாது என்றார். இப்போது பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. படம் கூடத்துக்குப் போனபோது ஓரம் காயவில்லை, மூட முடியாமல் வேனில் நிமிர்த்தி வைத்துச் சட்டக்காரரும் அவருமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், கடைசி நேரத்தில் யாராவது ஈரப் படம் கொண்டுவருவார்களா என்று மேலாளர் அம்மாவிடம் நல்ல திட்டும் வாங்கினார்கள். அந்த அம்மா பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, நாலைந்தைத் திருப்பி மாட்டலாமா, ஜனங்கள் ரசிப்பார்கள் என்று கேட்டார். அது ஜனங்களுக்கு எழுதினது இல்லைங்க என்று சொல்லிவிட்டேன், அப்பாவும் ஆமாம் என்றார். ஆறு நாள் நடந்தது, நல்ல கூட்டம். ஹோஸ் பிடித்த ஆள் முன்னால் நிறையப் பேர் நின்றார்கள், யாருக்கும் அது நான் என்று தெரியவில்லை, சட்டக்காரர் மட்டும் என் காலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நூற்று நாற்பதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், அப்பா கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இப்போது புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார், முடிதிருத்தும் கடையில் காத்திருக்கிறவர்கள், முழுக்க ஆட்கள். ஒரு காது வரைந்தால்கூட என்னைக் கூப்பிடுகிறார், அடுப்பில் நிஜமாகவே கருகுகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஆபீஸ் வேலையை வீட்டுக்குத் தூக்கி வராதே, மாப்பிள்ளை இருமலை அலட்சியம் பண்ணினால் நான் சொன்னதாகச் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போ. ஆண்டவன் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், குட்டியின் தலையைத் தடவி ஒரு முத்தம். ஒன்றை மறக்காதே. நீ ஊரை விட்டுப் போகும்போது எடுத்துப்போன படம் உன் கூடத்துச் சுவரில் இருக்கிறதல்லவா, நோட்டில் நூற்று எண்பத்தேழு. அதன் பின்னால் என்ன எழுதினாய் என்று அப்பா தினமும் கேட்கிறார், நான் சொல்லவில்லை. நீ இறக்கிப் பார். கனம், மாப்பிள்ளையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல், பேப்பரின் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்தால் கிழியாமல் வரும். படித்துவிட்டு அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அதில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, உன்னிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டியதுதான் இருக்கிறது.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
உன் அம்மா