கந்தகம் மணக்காத மலை

ஜனவரி 9

இன்றும் தப்பித்தேன்.

புது மல்லிகை சோப்புக்கான வாசனை எண்ணெய் மூன்று குப்பிகளில் வந்திருந்தது. காகிதப் பட்டையை நனைத்து மூக்கருகே கொண்டுபோனேன். கண்ணை மூடி, வழக்கம்போல் தலையைச் சாய்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று. பட்டையைப் பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டி, "நீயும் ஒரு தடவை பாரேன்" என்றேன். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. இனிப்பு தூக்கலாக இருந்தால் உதட்டைச் சுழிப்பாள், நெடி அதிகமானால் இடது புருவம் ஏறும். மூன்றாவது குப்பிக்கு முகம் மலர்ந்தது. "மூணாவதுதான்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"எப்படிக்கா இவ்வளவு சட்டுனு கண்டுபிடிக்கறீங்க!" என்கிறாள். உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் தாயே.

அக்டோபரில் வந்த காய்ச்சல் போகும்போது என் மோப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்லவா அத்தனை வருஷம் படித்தார்? யாரிடமும் மூச்சு விடவில்லை. சோப்புத் தொழிற்சாலையின் வாசனை அறையில் மோப்பம் இல்லாதவளுக்கு என்ன வேலை? சரி, வேலையை விடு. வீட்டில் என் பெயரே மூக்கி. பால் கெட்டதா, துணி காய்ந்ததா, யார் ஒளித்துவைத்துப் பழம் தின்றது — சின்ன வயதிலிருந்து எல்லாம் என் மூக்கைக் கேட்டுத்தான் நடக்கும். கல்யாணம் வேண்டாம் என்று நான் தனியாக இருக்கிற இத்தனை வருஷத்தில், அந்த வீட்டில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது என்றால் அது மூக்கால் வந்தது. அதுவும் போனால் நான் யார்?

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். எரிமலைப் பயணம் உறுதியாகிவிட்டதாம். அத்தான், முழங்கால் வலி, நெருப்பைப் பார்க்க அடுப்படிக்குப் போனால் போதாதா என்று கழன்றுகொண்டார். அவர் இடத்தில் நான்.

ஜனவரி 11

அக்கா மூன்று தொப்பி வாங்கியிருக்கிறாள். தலை ஒன்றுதானே என்று கேட்டதற்கு, "உனக்கு ஆசைனா என்னன்னே தெரியாதுடி" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 18

தீவுக்கு வந்துவிட்டோம். விமானத்தைவிட்டு இறங்கியதும் வெக்கை ஈரத்துணி மாதிரி முகத்தில் அப்பிக்கொண்டது. விடுதி அறையில் இரண்டு கட்டில், முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, கொக்கி சரியாக மாட்டாத ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் நிறைய மலை. உச்சியில் வெள்ளையாகப் புகை.

"பாருடி, மூச்சு விடுது" என்றாள் அக்கா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்து ஆசையாம். பிள்ளைகளை வளர்த்து, அவர்களுக்குக் கல்யாணம் செய்து, அத்தானுடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, இப்போதுதான் முறை வந்திருக்கிறது. ஜன்னலைவிட்டு நகரவே இல்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

படுக்கும் முன் தலையணையை என்னிடம் நீட்டினாள். "ஏதோ வாடை அடிக்குதா பாரு, மூக்கி."

மோந்து பார்த்தேன். அதாவது, மோந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். உடனே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். அவளுடைய நம்பிக்கையைப் பார்த்து எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 19

மலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி வந்து பேசினாள். மெலிந்த பெண். பாதி பேச்சு, பாதி கைஜாடை. மேலே வரும் வாயுவுக்கு நிறம் கிடையாது, புகை தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கந்தக நெடி வந்ததுமே முகமூடியை மாட்டிக்கொண்டு கீழே திரும்பிவிட வேண்டும், தனக்காக நிற்க வேண்டாம் என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டாள், யாருக்காவது மூச்சுக் கோளாறு உண்டா?

அக்கா கூரையைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. மேசைக்கு அடியில் என் தொடையை ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், உயிர் போய்விட்டது.

அறைக்கு வந்து சண்டை போட்டேன். "ரெண்டு வருஷமா வரலடி. இப்ப சொன்னா கீழயே உட்கார வச்சிருவாங்க" என்றாள். சரி, முகமூடியையாவது முதலிலிருந்தே போட்டுக்கொள் என்றேன்.

"அதைப் போட்டாத்தான் எனக்கு மூச்சு முட்டுது. கூட நீ இருக்கேல்ல? ஊருக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிரும். உன் மூஞ்சி சுளிச்சா நான் மாட்டிக்கறேன். அவ்ளோதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தண்ணி பாட்டில் எடுத்து வச்சியா?" என்றுதான் வந்தது.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். தொழிற்சாலையில் செய்வதுதானே. நெடி வந்தால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உடனே முகமூடியை மாட்டிவிடலாம்.

ஜனவரி 20

ஆஸ்பத்திரி. வராந்தாவில் பெஞ்சு. எழுத்து கோழி கிண்டின மாதிரி போகிறது. எழுதாமல் இருந்தால் அழுதுவிடுவேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஆபத்தில்லை.

மரங்கள் முடிந்ததும் கறுப்புச் சரளை. கால் வைத்தால் சரியும். உச்சிக்குப் போய்க் குனிந்து பார்த்தால் — சத்தம்தான் முதலில். காதில் இல்லை, உள்ளங்காலில். கீழே மஞ்சள் படிந்த பாறை, அதற்கு நடுவே சிவப்பாக ஏதோ புரண்டுகொண்டிருந்தது. நடுநடுவே மேலே தெறித்தது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "இதுக்குள்ள இவ்ளோ இருக்குடி" என்றாள். நானும் என்னை மறந்து நின்றுவிட்டேன்.

அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சரி, இங்கே நெடி இல்லை என்று நினைத்தேன்.

இருமினாள். ஏறி வந்த களைப்பு என்று நினைத்தேன். மறுபடி இருமினாள். அப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்! பின்னால் வழிகாட்டி கத்துகிற சத்தம். திரும்பினால் மற்றவர்கள் எல்லாரும் முகமூடியோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு —

நெஞ்சிலிருந்து விசில். உதடு நீலமாகிவிட்டது. அவளுக்கு முகமூடியை மாட்டினேன். இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து பம்பு பையின் அடியில், தொப்பிகளுக்குக் கீழே. கை போகவில்லை, பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். வழிகாட்டியும் இன்னொரு ஆளும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் சரளையில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்தேன். ஜீப்பில் வழிகாட்டி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். உனக்கு நெடி தெரியலையா?

நான் குனிந்து அக்காவின் முகமூடிப் பட்டையைச் சரிசெய்தேன்.

கொன்றிருப்பேனே. என் மானத்தைக் காப்பாத்திக்கறதுக்கு எங்க அக்காவ நானே கொன்னிருப்பேனே.

ஜனவரி 21

கண் விழித்துவிட்டாள். பிராணவாயுக் குழாயை நகர்த்திவிட்டு முதலில் பேசியது இது: "செம நாத்தம் அடிச்சுதுடி. ஆனா உன் மூஞ்சி சுளிக்கவே இல்ல. உன்ன விடவா எனக்குத் தெரியப்போகுது, இது சும்மா மலை நாத்தம் போலன்னு நின்னேன்."

அவள் என்னைப் பார்த்து நின்றிருக்கிறாள். நான் அவளைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். காய்ச்சல், டாக்டர், தொழிற்சாலை, தலையணை, எல்லாவற்றையும். அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 22

காலையில் கஞ்சி ஊட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

மதியம் அவளாகவே ஆரம்பித்தாள். "என்னடி நெனச்ச? மூக்கு போனா நீ எனக்குத் தங்கச்சி இல்லாம போயிடுவியா?"

நான் அழ, அவளும் அழ, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நர்சு வந்து இருவரையும் அதட்டிவிட்டுப் போனாள். என்ன மொழியோ, திட்டு மட்டும் நன்றாகப் புரிந்தது.

"நானும் இழுப்ப மறைச்சேன். நல்லா வாய்ச்சோம் ரெண்டு பேரும்" என்றாள். சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, "வேலை செய்யற இடத்துல யாரு மூஞ்சிய வச்சு ஓட்டற?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்கயும் யாராவது உன்ன நம்பித்தான நிப்பாங்க" என்றாள்.

ஜனவரி 28

ஊர் திரும்பியதும் மேலாளரிடம் சொல்லியாயிற்று. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் உங்க கையெழுத்த மட்டும்தான் பார்ப்பேன்மா, எண்ணெயக் கூடப் பார்க்க மாட்டேன்" என்றார். அக்டோபரிலிருந்து நான் சரி என்று அனுப்பிய எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்கப் போகிறார்கள். வேலை இருக்குமா தெரியாது.

பக்கத்து மேசைக்காரி முதலில் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ அந்த மூணாவது குப்பியத் தேர்ந்தெடுத்தது நானாக்கா?" நீதான். நீயேதான். கெட்டிக்காரி.

பிப்ரவரி 5

வேலை போகவில்லை. ஆனால் வாசனை அறை போய்விட்டது. என் நாற்காலியில் பக்கத்து மேசைக்காரி. எனக்குக் கீழ்த்தளத்தில் புகார்ப் பிரிவு. ஒரு மேசை, ஒரு போன். சோப்பு வாங்கியவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல பதவிதான். அந்தப் பக்கம் மாடிப்படி வழியாகப் போகிறவர்கள் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், சீக்காளியிடம் பேசுகிற மாதிரி. அதுதான் பொறுக்கவில்லை.

பிப்ரவரி 12

ஒரு அம்மாள் போனில் வறுத்தெடுத்துவிட்டார். "உங்க சோப்பு நாறுது!" எப்படி நாறுகிறது என்று கேட்டேன். "நாத்தத்துல என்னம்மா எப்படி?" பழைய எண்ணெய் மாதிரியா, ஈரச் சுவர் மாதிரியா, மருந்து மாதிரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில் அது எங்கள் சோப்பே இல்லை, அலமாரியில் பக்கத்தில் வைத்திருந்த பூச்சி உருண்டை. அவர் மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பசி எடுத்தது. ரொம்ப நாளாயிற்று, உண்மையாகப் பசி எடுத்து.

பிப்ரவரி 19

மறுபடி டாக்டரைப் பார்த்தேன்; மோப்பம் திரும்ப அவர் சொன்ன பயிற்சி நடக்கிறது. காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். மோந்து பார்த்து, அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அக்கா தினமும் போன் செய்து, "ஏதாவது வந்துச்சா?" என்கிறாள். தானும் அதே நாலையும் வாங்கி வைத்துக்கொண்டு மோக்கிறாளாம். எதற்கென்றால், "நீ மட்டும் தனியா உட்கார்ந்து மோக்கறத நெனச்சா கஷ்டமா இருக்கு" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

இன்று அவள் குரல் மிகவும் ஆசையாக இருந்தது. எலுமிச்சை லேசாக வந்தது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லக்கா" என்றேன்.

"சரி, நாளைக்குப் பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

மார்ச் 6

வரவில்லை.

மார்ச் 14

அக்கா சாயங்காலம் பேசும்போது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள்: "ஏன்டி, ஒரு மாதிரி மீன் கருகற வாசனை வருது. நான் இன்னைக்கு மீனே வாங்கல."

"பக்கத்து வீட்டிலயா?"

"இல்லடி, எங்க கூடத்துலதான். உங்க அத்தான், எல்லாம் என் மனப்பிரமைங்கறார்."

மீன் என்றால் மீனேவா, கூட வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி, ஃபிரிட்ஜ் பக்கம் போனால் அதிகம் என்றாள். தொழிற்சாலையில் ஒருமுறை மோட்டார் எரிந்துபோவதற்கு முன் எனக்கு அந்த வாசனை வந்தது. மின்சார இணைப்பு சூடேறினால் முதலில் மீன் கருகுகிற மாதிரிதான் இருக்கும். தெரியாதவர்கள் அடுப்பைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.

"அக்கா, மெயின் சுவிட்ச அணை. எதையும் தொடாத. அத்தானக் கூட்டிக்கிட்டு வெளிய வா."

எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. தொலைக்காட்சி பாதியில் நின்றதற்கு அத்தான் கத்துவது மட்டும் கேட்டது.

எலக்ட்ரீஷியன் வந்து ஃபிரிட்ஜை நகர்த்தியிருக்கிறார். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்ததாம். பின்னாலிருந்த திரைச்சீலையில் கை அகலத்துக்குப் பழுப்பு ஏறியிருந்ததாம். எல்லாம் மாற்றி முடித்துவிட்டு அவர் போன பிறகு அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"எல்லாம் சரியாயிடுச்சாம். உங்க அத்தான் உள்ள போயிட்டார். நான் வாசல்லயே நிக்கறேன். நீ சொல்லு மூக்கி, உள்ள போகலாமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "நல்லா இழுத்து மோந்து பாரு. என்ன வருது, சொல்லு" என்றேன்.

இழுத்தாள். விசில் இல்லாத, நீளமான மூச்சு.

"உங்க அத்தானோட தைலம்தான்டி வருது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"அப்ப போ" என்றேன். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.