ஊரில் இல்லை என்று நான் சொன்னது

அண்ணா,

இன்று காலையில் எதிர்ச்சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. அந்த வாசனை வந்ததும் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உன் மண்டிக் கதவில் கோர்ட் அமீனா காகிதம் ஒட்டிய அன்றைக்கு அடித்த வாசனை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நம் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த புதிது அப்போது. செங்கல்பட்டுக்குப் போய்ப் பழகிய ஜனங்களிடம், கோர்ட்டு கச்சேரி எல்லாம் இனிமேல் சித்தூர் என்றார்கள். உனக்கு மணிலாக்கொட்டை மண்டி. எனக்கு மாட்டு வண்டி. குடியானவர்களிடம் மூட்டையைக் கடனாக வாங்கி மெட்ராஸ் எண்ணெய் மில்லுக்கு அனுப்புவாய். காசு வந்ததும் அவர்களுக்குக் கொடுப்பாய். ஒருநாள் மில்காரன் பூட்டிவிட்டு ஓடிப்போனான். எட்டுப் பேருக்கு நீ பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஏழு பேர் குடியானவர்கள், ஒருவர் வட்டிக்காரர்.

"மஞ்சக் கடுதாசி குடுத்துடு, ஒருத்தனும் உன்ன ஒன்னும் பண்ண முடியாது" என்று உனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. "குடுத்துட்டு இந்தத் தெருவுல எப்டி நடக்கிறது? மண்டி போனாலும் பரவால்ல, திவாலுன்ற பேரு வேணாம்" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டாய். யார் வீட்டில் எந்த மாசம் எத்தனை மூட்டை ஏற்றினேன் என்பது என் தலையில் இருந்தது. நான் சொன்னால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வார்கள். அதனால்தான் மத்தியஸ்தம் என்னிடம் வந்தது.

முதல்நாள் உன் மண்டிக் கொட்டகையில் காலி சாக்குகளைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். பத்து வார்த்தை நான் பேசியிருக்க மாட்டேன். ஏழு குடியானவர்களில் ஒருத்தி, புருஷன் இல்லாமல் தனியாகப் பயிர் வைக்கும் அந்த அம்மா, எழுந்தாள்.

"எங்க ஊட்டு மணிலாவத் துன்னுட்டு வெள்ள வேட்டி கட்டிக்கினு குந்திக்கினு கீறியே, வெக்கமாயில்ல ஒனக்கு?"

"நான் துன்னலம்மா. மில்லுக்காரன் துன்னான். அவன் ஊட்டு வாசல்ல போயி கத்து" என்றாய் நீ.

அவ்வளவுதான். எட்டுப் பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

நம் பக்கத்தில் வழக்கம் ஒன்று இருந்தது. கடன்பட்டவன் முகத்தைப் பார்த்தால் கோபம் ஏறும். மத்தியஸ்தம் முடிகிறவரை அவன் கண்ணில் படக்கூடாது. நான் அதன்படி உன்னை அனுப்பினேன். "ண்ணா, நீ திருப்பதிக்குப் போயி மாமன் ஊட்ல இரு. நான் ஆள் அனுப்புற வரைக்கும் வராத." நீ அண்ணியிடம் வேண்டுதல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய்.

பதினைந்து நாள் வீடு வீடாகப் போனேன். மண்டியின் ஒரு பாதியை விற்று இப்போது பாதி, அடுத்த வெள்ளாமையில் மீதி என்று பேசினேன். ஏழு பேரும் சம்மதித்து என் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாதான் கடைசி. "அந்த ஆளு வாயி மட்டும்தான் கெட்டது" என்று சொல்லி எடுத்தாள்.

வட்டிக்காரர் தானே என் வண்டிக் கொட்டகைக்கு வந்தார். கூட இரண்டு ஆட்கள்.

"எங்கப்பா உங்க அண்ணன்?"

"ஊர்ல இல்லீங்க. இப்போதைக்கு வரமாட்டாரு. எதா இருந்தாலும் எங்கிட்டப் பேசுங்க."

"கேட்டுக்குங்கப்பா, ஊர்ல இல்லியாம், வரமாட்டாராம்" என்று ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அண்ணா. பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன்.

அவர் நேராகச் சித்தூர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நீ மொட்டைத் தலையோடு, கையில் லட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினபோது, அமீனா ஒட்டிய காகிதத்தில் பசை காயவில்லை. டீக்கடையில் ஒருவன், "நமக்குப் போட்டது போதாதுன்னு தனக்கும் போட்டுக்கினு வந்துட்டான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேரும் வெற்றிலையை மறந்தார்கள். "ஓடிப்போனவனுக்கா நாங்க சம்மதம் குடுத்தோம்?" என்று என்னையே கேட்டார்கள்.

புத்தூரில் பஸ் மாறிச் சித்தூருக்குப் போனோம். கோர்ட் வராந்தாவில் உன் வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கடன் கொடுத்தவர்களுக்கு முகம் காட்டாமல் வீட்டை விட்டுப் போவதே சட்டத்தில் திவாலுக்கு அடையாளமாம். ஊரில் இல்லை என்று நான் சொன்னதற்கு வட்டிக்காரரின் அந்த இரண்டு ஆட்களும் சாட்சியாம். "மத்தியஸ்தம் பேசினதுக்கு காகிதம் உந்தா?" என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

"வாய்ப்பேச்சுதாங்க. ஏழு பேரு வெத்தல எடுத்தாங்க."

"வெத்தலய ஜட்ஜுகிட்ட காட்ட முடியுமாய்யா?"

இப்போது கோர்ட்டே மத்தியஸ்தம் பேசிவிட்டு வரச் சொல்கிறதாம். பேசியதை எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறார்களாம். மருமகள் பேப்பரில் படித்துச் சொன்னாள். நல்லதுதான்.

அன்றைக்குக் கோர்ட்டுக்கு உள்ளே, ஏன் ஊரை விட்டுப் போனாய் என்று உன்னைக் கேட்டார்கள். நான் பின்னால் நின்றிருந்தேன். "வேண்டுதல். நானாத்தான் போனேன்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். நீ திரும்பி ஒரு பார்வை பார்த்தாய். மூடிக்கொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டேன், "ஏண்ணா என் பேரச் சொல்லல?"

"ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் பேரு போணுமா? உனுக்கு இருக்கிறதே அது ஒன்னுதான்டா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மண்டி ஏலத்தில் போனது. செலவெல்லாம் கழித்துக் குடியானவர்களுக்குக் கிடைத்தது, நான் பேசியதில் கால் பங்குகூட இல்லை. அந்த அம்மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். நீ புத்தூரில் வேறொருவர் மண்டியில் தராசு பிடித்தாய். என்னை மட்டும், நியாயம் பேசுகிறவன் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூப்பிட்டது. வரதய்யபாளையம் வரை போய்ப் பேசினேன். போகிற இடத்திலெல்லாம் முதல் வெற்றிலை எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குச் சொன்னதையேதான் நீ அவளுக்கும் சொல்லியிருக்கிறாய். அவள் அதை நம்பவில்லை. அத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

"தம்பி, நீ கூடவே இருந்தவன். அவரு அன்னிக்கு ஏன் ஓடினாரு? ஒனக்காவது தெரியுமா?"

"தெரியல அண்ணி" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டு, விலகிக் கிடந்த உன் வேட்டியைச் சரிசெய்தாள். அவளும் போய் ஏழு வருஷம் ஆகிறது. அவள் பிடித்த பிடி இன்னும் என் கையில் அப்படியே இருக்கிறது, அண்ணா.