அந்த ரிவால்வருக்காகச் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை, துபாய், அல் கூஸ் ரூம்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பாதி அண்ணாச்சி மேல், பாதி என் மேலேயே.

அண்ணாச்சியின் பழம்பொருள் கடையில் பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிப்பிடுவது என் வேலை. இன்று மதியம் ராஷித் என்ற அரபிப் பெரியவர் தன் அப்பாவின் ரிவால்வரை லைசென்ஸ் காகிதங்களோடு விற்கக் கொண்டுவந்தார். கழற்றிப் பார்த்தேன். உடம்பிலும் குண்டு போடும் சிலிண்டரிலும் ஒரே எண்; எதையும் மாற்றவில்லை. பழைய கருநீலப் பூச்சுகூடப் போகவில்லை. பன்னிரண்டாயிரம் திர்ஹமுக்குக் குறையாது என்று அண்ணாச்சியிடம் தமிழில் சொன்னேன்.

அவர் பெரியவரிடம் இந்தியில், "சிலிண்டர் மாற்றியிருக்கிறது, மூவாயிரம்தான் போகும்" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "மகளே, நீ சொல். நிஜமா?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தமிழில், "ஏம்மா ஸ்டெல்லா, ஒன் விசா நான் எடுத்துக் குடுத்தது. ஞாவகம் இருக்கட்டும்" என்றார்.

"நிஜம்தான்" என்றேன். பெரியவர் மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் தனியாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எரிகிறது.

கடை மூடியதும் பில்லில் இருந்த பெரியவரின் எண்ணுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். பெரியவர், "காலையில் வருகிறேன். இதையே அவன் முன்னால் சொல்வாயா?" என்று கேட்டார்.

சொல்வேன் என்றேன். இந்த வாய் மதியம் எங்கே போயிருந்தது? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. விசா போனால் போகட்டும். காலையில் சொல்லத்தான் போகிறேன்.