கட்டைவிரலில் தொடங்கிய சாவு

அன்புள்ள அண்ணே,

நீ போன பிறகு காஜா பெராங் வீட்டில் நானும் தம்பி ராமுவும்தான். அண்ணி செங் ஊரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். நாடு மெர்டேக்கா ஆகிவிட்டது, சுதந்திரம் வந்துவிட்டது. கொடி ஏறிய அன்று நீ வார்டில் கிடந்தாய். என் முகம்கூட உனக்கு அடையாளம் தெரியவில்லை.

எல்லாம் இடதுகால் கட்டைவிரலில்தானே ஆரம்பித்தது? சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்தாய். அந்தக் காலால்தான் தெங்கேரா பஸ்ஸின் கிளட்சை மிதிக்க வேண்டும். கடையில் வலித்தூள் வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாய். வலி போகும், திரும்ப வரும். வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டினாய். ஒன்றுக்குப் போகையில் கல் இறங்கி ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாய்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா?

“கள்ளு குடிப்பியா?”

“தொட்டதே இல்லீங்க ஐயா.”

அவர் சிரித்தார். பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவருக்கும் அதே வீக்கம்தான். அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. எதற்கு அண்ணே அந்த வைராக்கியம்?

ரத்தத்தில் ஏதோ உப்பு கூடி மூட்டில் படிகிறதாம், சிறுநீரகத்தையும் கெடுக்கிறதாம், குடும்பத்தில் தொடர்ந்தும் வருமாம். பிறகுதான் சொன்னார்கள். அதற்குள் உன் முகம் வீங்கிவிட்டது. விக்கல் நிற்கவில்லை. உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாய்.

சாவு வீட்டில் மாமா, “கள்ளுதான் இவனக் கொண்டுபோச்சு,” என்றார். அண்ணி காதில் விழும்படி.

“எங்கண்ணன் குடிச்சு நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தா இப்பவே சொல்லுங்க!” என்று கத்தினேன்.

இப்போது ராமுவுக்கும் வந்துவிட்டது, அண்ணே. ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலைக் கடையில் மூட்டை தூக்குகிறவன், போன வாரம் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். பாயை உதறினேன். அடியில் வலித்தூள் காகிதங்கள்.

“ஆஸ்பத்திரிக்கா? அண்ணனக் கேட்டதத்தான் என்னையும் கேப்பாங்க. நான் வரலக்கா.”

விடவில்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வேறு டாக்டர், ஆனால் அதே கேள்வி. ராமு தலையைக் குனிந்துகொண்டான். நான் முந்திக்கொண்டேன்.

“குடிக்கமாட்டான் டாக்டர். எங்கண்ணனுக்கும் இதே கால்தான் வீங்குச்சு. கிட்னி போய்த்தான் செத்துப்போனாரு. இவன் ஒன்னுக்கச் சோதிச்சுப் பாருங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சோதித்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கிவிட்டது. “மருந்து குடுத்துப் பாப்போம்மா,” என்றார். வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

நேற்று கஞ்சி கொண்டுபோனபோது ராமு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “மருந்து குடுத்துப் பாப்போம்னுதான் அண்ணன்கிட்டயும் சொன்னாங்களாக்கா?”

உனக்கும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள்.

“இல்லடா,” என்றேன். “உனக்கு நேரத்தோட பாத்துட்டாங்க.”

அவன் நம்பிவிட்டான். கஞ்சியை முழுக்கக் குடித்தான்.

இனி வலித்தூள் நம் வாசலைத் தாண்டாது, அண்ணே. அவன் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அவனுக்காக நான் பேசுவேன். அவனை இவ்வளவு சீக்கிரம் உன்னிடம் அனுப்பமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மாரியாயி